இரண்டாவது முறை வைத்த விரல்

கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது உனக்கும் தெரியும். மறுநாள் பஸ் ஏறும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். நானும் மூன்று தடவை மிளகு காய்வதைப் பற்றியும் உன் அப்பாவின் மினி லாரியைப் பற்றியும் பேசி நழுவினேன். இந்த விஷயத்தைப் போனில் பேச எனக்கு விருப்பமில்லை. பேசுகிற பேச்சு எங்கே போய்த் தங்குகிறது என்று எனக்குத் தெரியாது. எழுதுகிற காகிதம் யார் கையில் இருக்கும் என்றாவது தெரியும். இதைப் படித்ததும் சிரிப்பாய். "உங்கம்மாவுக்கு மலை மேல மேகம் வந்தாக்கூட யாரு அனுப்புனதுன்னு விசாரிக்கோணும்" என்று உன் அப்பா சொல்லும்போது சிரிப்பாயே, அதே சிரிப்பு. சிரித்துவிட்டு முழுவதும் படி.

நீ கேட்டது பார்வைக்குச் சின்ன உதவிதான். உன் கம்பெனி அரசாங்கத்துக்காக, முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் ஓர் ஏற்பாட்டைத் தயார் செய்கிறது. ரேஷன் கடையிலும் முதியோர் பென்ஷனிலும் விரல் ரேகைக்குப் பதிலாக அது வரப்போகிறது. நகரத்து முகங்களைக் காட்டியே பழக்கியதால் வெயிலிலும் பனியிலும் உழைத்த முகங்களைப் பார்த்தால் தடுமாறுகிறது. அதனால் நம் ஊரில் ஒரு நாற்பது பேரை உட்காரவைத்து, இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பச் சொல்லி வீடியோ எடுத்து, ஆளுக்கொரு ஆதார் எண்ணோடு அனுப்ப வேண்டும். "நீ சொன்னா வருவாங்கம்மா. வேற யார் போய்க் கேட்டாலும் ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாய். நீ பேசியதில் என்னை எழுந்து போகவைத்தது அந்த ஒரு பேச்சுதான்.

உன் எண்ணத்தில் நான் குற்றம் காணவில்லை. நீ ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் ரேஷன் கடை வரிசையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மிளகு உருவியும் மரவள்ளித் தோல் சீவியும் தேய்ந்துபோன விரல்கள் நம் ஊர் விரல்கள். மெஷினில் வைத்தால் ரேகை விழாது. கட்டைவிரலைத் தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றிக்கொண்டு வைப்பார்கள், துண்டில் துடைத்துவிட்டு வைப்பார்கள், அடுத்த விரலை வைப்பார்கள். ஐந்து தடவை, ஆறு தடவை. கடைக்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். அரிசிப் பை காலியாகவே மடங்கி அக்குளுக்குள் போகும். இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் எந்தத் தாய்க்கும் உள்ளுக்குள் குளிரும். எனக்கும் குளிர்ந்தது. சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து தடவை, ஆறு தடவை இருக்கிறதே, அதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அப்பாவுக்கும் பாதிதான் தெரியும்.

நீ காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது நம் பக்கம் செல்போன் டவர் வந்தது. வந்த ஒரு வாரத்தில், பள்ளிக்கூட வாசலில் கலர் குடை விரித்து ஒரு பையன் சிம் கார்டு கொடுக்க உட்கார்ந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அடிவாரத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான், நல்ல மரியாதை. "டீச்சர், நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா போதுங்க. இவங்க பயப்படறாங்க" என்று கேட்டான். சனிக்கிழமை, வகுப்பு இல்லை. நாற்காலி போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். நம் ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பையனுக்கு அது எனக்கு முன்பே புரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளையண்ணன் முதல் ஆளாக வந்தார். உனக்கு வெள்ளையன் மாமா. நம் வேலிக்கு அந்தப் பக்கம் மிளகும் பலாவும் வைத்திருப்பவர், நீ மரத்திலிருந்து விழுந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். கட்டைவிரலைத் தலையில் தேய்த்துவிட்டு மெஷினில் வைத்தார். பையன் கையில் இருந்த போன் திரையில் பச்சை டிக் வந்தது. நான் பார்த்தேன். "விழலீங்களே, இன்னொருக்கா வையுங்க" என்றான் பையன். வெள்ளையண்ணன் சிரித்தார். "நம்ம வெரல் எங்கீங்க ஒரே தடவைல விழுந்திருக்குது? சாமி வரம் கொடுத்தாத்தான் உண்டு" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அவருடைய கட்டைவிரலை என் முந்தானையில் துடைத்து, "நல்லா அழுத்தி வைங்கண்ணா" என்று மெஷின்மேல் நானே அழுத்தினேன்.

மூன்றாவது ஆளுக்கும் பச்சை டிக் வந்தது, மூன்றாவது ஆளுக்கும் இன்னொருக்கா. ஒருவேளை அது வேறு எதற்கான டிக்கோ என்று நினைத்தேன். கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவள், ஒரு டிக்கைப் பற்றிக் கேட்டு அசட்டுப் பட்டம் வாங்க வேண்டாம் என்று ஒரு எண்ணம். வரிசை வெயிலில் நிற்கிறதே என்று இன்னொரு எண்ணம். மரியாதையாகப் பேசுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று நீயும் உன் அப்பாவும் என்னைக் கேலி செய்கிறீர்கள். சந்தேகப்பட வேண்டிய ஒரே நாளில் நான் நாசூக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை வைத்த விரலுக்கு வெள்ளையண்ணன் கையில் ஒரு சிம். இரண்டாவது தடவை வைத்த விரலுக்கு அதே வெள்ளையண்ணன் பெயரில் இன்னொரு சிம், அது அந்தப் பையனின் தோள்பைக்குள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒருவனிடம் இப்படி இரண்டு தடவை கேட்டால் ஏன் என்று கேட்டிருப்பான். நம் ஊரில் இரண்டு தடவை என்பதே அதிர்ஷ்டம். தேய்ந்த விரலுக்குள் திருட்டு எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொண்டது பார். மெஷின் சரியாக வேலை செய்யாத ஊரில்தான் மெஷினை வைத்து ஏமாற்றுவது சுலபம்.

பிறகு இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையில், போலீஸ் என்று சொல்லிப் போன் செய்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்ற செய்திகள் வர ஆரம்பித்தன. ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நோட்டீஸ் வந்தது. நான் அதைச் சுவரில் ஒட்டியதோடு நிற்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன்: யார் போலீஸ் என்று சொன்னாலும் உடனே கட் செய்யுங்கள், ஒரு வார்த்தை பேசாதீர்கள். ஒரு நாள் வெள்ளையண்ணன் வேலியோரம் நின்று பெருமையாகக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், நமக்கும் வந்துருச்சுங்க! போலீசுன்னான், வடக்கத்தித் தமிழு. மூணு தடவ வந்துச்சு, மூணு தடவையும் நீங்க சொன்னாப்புல கட் பண்ணிட்டனுங்க." நான் அவரைப் பாராட்டினேன்.

அவர்கள் உண்மையான போலீஸ். அடுத்த வாரம் வேறு மாநிலத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து நின்றவரை அப்படியே இறக்கி அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தடவை போனைக் கட் செய்ததை, தப்பிக்கப் பார்க்கிறான் என்று எழுதி வைத்திருந்தார்கள். உன் அப்பா பலாக்காய் ஏற்றி வைத்திருந்த வண்டியை அப்படியே எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் அந்தப் பச்சை டிக் எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்டேஷனில் நம் பக்கத்து இன்ஸ்பெக்டர் கேட்டார்: "ஏம்மா, படிச்சவங்க, டீச்சர் வேற. போலீஸ் போன் பண்ணா கட் பண்ணுன்னு நீங்களே சொல்லிக் கொடுப்பீங்களா?" "நீங்க அனுப்புன நோட்டீஸ்தானுங்க சார்" என்றேன். "அது திருட்டுப் போலீசுக்கு" என்றார். "போன்ல ரெண்டும் ஒரே மாதிரிதானே சார் பேசுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளையண்ணன் பெயரில் இருந்த நம்பரிலிருந்து பேசியவன், அவர்கள் ஊரில் தனியாக இருந்த ஒரு அம்மாளை இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவிடாமல் போனிலேயே மிரட்டி வைத்திருந்தான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இருந்ததெல்லாம் போய்விட்டது. இப்போது காலிங் பெல் அடித்தால்கூட அவர் கதவைத் திறப்பதில்லையாம். அதைக் கேட்டபோது அந்த வெளியூர்ப் போலீஸ்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். காகிதத்தில் இருந்த ஆள் வெள்ளையண்ணன்.

இதற்குமேல் எழுதுவதுதான் கஷ்டம். சிம் கார்டு கேம்ப் நடந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் நடந்தது என்று சொன்னேன். பையனின் அடையாளம் சொன்னேன். "இவரை ரெண்டாவது தடவை விரல் வைக்கச் சொன்னது யாரு? பக்கத்துல யாரு இருந்தா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலை, விசாரணை, செய்தித்தாள், உன் படிப்பு என்று அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்னவோ ஓடியது. வெள்ளையண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கூட்டமுங்க சாமி. ஆருன்னு நெனப்பில்லீங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். போனை எடுத்துக்கொண்டார்கள், திரும்ப வரவே இல்லை. மிளகு எடுக்கிற அந்த மாதத்தில் மூன்று தடவை கையெழுத்துப் போடக் கீழே இறங்கினார். அந்தப் பையன் அகப்படவில்லை. அவன் பெயரும் அவனுடையது இல்லை என்றார்கள். வண்டியில் திரும்பி வரும்போது உன் அப்பா போலீசைத் திட்டிக்கொண்டே வந்தார். வெள்ளையண்ணன், "உடுங்க, அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க" என்றார். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, என் முந்தானையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் தனியாக இன்ஸ்பெக்டரிடம் போய், பக்கத்தில் இருந்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பி, பாதி வழியில் காளப்பநாயக்கன்பட்டி வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்க மாட்டேன். உன் இஷ்டம்.

உன் கம்பெனி அந்தக் குடைப் பையன் இல்லை என்பாய். சரி. நல்ல எண்ணத்தோடு பார்க்கிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பையும் செய்திருக்கிறேன். நீ ஹாஸ்டலில் இருந்தபோது உன் ஈமெயில் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். காலேஜ் விண்ணப்பத்துக்காக நாம் சேர்ந்து வைத்தது, நீ மாற்றவில்லை. முதலில், காய்ச்சல் என்று சொல்லியிருந்த நீ போனை எடுக்காத ஒரு நாள் திறந்து பார்த்தேன். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது. அதோடு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அடுத்த வாரம் காரணம் இல்லாமல் பார்த்தேன். பிறகு வாரா வாரம். அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து எதுவும் இல்லை என்பதே இன்னும் உள்ளே பார்க்கக் காரணமாகிவிட்டது. நீ கண்டுபிடித்தபோது இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. "உன் நல்லதுக்குத்தான்" என்று நான் சொன்னேன். நீ கேட்டாய்: "அப்ப உன் நல்லதுக்கு நான் உன்னோடதப் பாக்கலாமாம்மா?" பெற்ற பிள்ளையிடமே பார்க்கிற கை நிற்கவில்லை. நாற்பது பேரின் முகத்தையும் நம்பரையும் கையில் வைத்திருக்கிற ஓர் அலுவலகத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும் என்கிறாயா? நீ நல்லவன். உனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவனை உனக்குத் தெரியுமா?

எதிலும் ஆபத்து உண்டு, அதற்காக அரிசி இல்லாமல் இருக்கச் சொல்கிறாயா என்று கேட்பாய். நியாயமான கேள்வி. சந்தேகமும் ஆளை விழுங்கும் என்பதை அந்த மூன்று கட் செய்த போன்களில் பார்த்துவிட்டேன். காய வைத்த மிளகு மூட்டை திருட்டுப் போனபோது தெரு முக்கில் கேமரா வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தவளே நான்தான். நான் கேட்பது வேறு. ரேஷன் கடையில் ஒரு விரல் தப்பாகப் போனால் வெள்ளையண்ணன் வேறு விரலை வைக்கிறார். முகம் தப்பாகப் போனால் எதை வைப்பார்? ஒரு நாள் அவருடைய முகத்தைக் கொண்டு வேறு யாரோ எங்கேயோ ஒரு கதவைத் திறந்தால், ஏறிப் போய்ச் சொல்ல எந்தப் படி, எந்த மேசை, யாருடைய பெயர்? உன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாளை நீ என்னிடம் விட்டுப் போனாயே, நான்கு தடவை படித்தேன். எவ்வளவு வேகம், எவ்வளவு துல்லியம் என்றெல்லாம் இருக்கிறது. தப்பு நடந்தால் அந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்தத் தாளை எழுதியவர்கள் அதை மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. என் பிள்ளை என்பதற்காக உன்னைச் சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் மறுத்துவிடக் கூடாது என்று, போன திங்கட்கிழமை வேலியோரம் வெள்ளையண்ணனிடம் பேச்சை எடுத்தேன். "அண்ணா, தம்பி ஒரு வீடியோ கேட்டிருக்கான்" என்று ஆரம்பித்ததுதான். "நம்ம தம்பியா? எப்பங்க டீச்சர்? நாளைக்கு வாரேன்" என்றார். எதற்கு, எங்கே போகும், யார் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை. "என்ன ஏதுன்னு கேக்கமாட்டீங்களாண்ணா?" என்றேன். "நீங்க இருக்கறீங்க, தம்பி இருக்குது. நான் எதுக்குங்க கேக்கோணும்?" என்றார். மறுநாள் காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். "எந்தப் பக்கம் பாக்கோணுமுங்க?" என்று கேட்டார். நான் போனைக் கையில் எடுத்தேன். வீடியோ எடுக்க முடியவில்லை. சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன்.

அதனால் நான் எடுத்து அனுப்பப்போவதில்லை. அவரை மட்டுமல்ல, இந்த ஊரில் யாரையும் என் பெயரைச் சொல்லி உட்காரவைக்க மாட்டேன். உனக்கு வேண்டும் என்றால் நீ வா. அவர் எதிரில் உட்கார். அந்த முகம் எந்த ஆபீசுக்குப் போகும், எத்தனை வருஷம் இருக்கும், தப்பாகப் போனால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிகிற தமிழில் நீயே சொல். சேந்தமங்கலம் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார நேர்ந்தால் பக்கத்தில் நீ உட்காருவாய் என்றும் சொல், அது உண்மையாக இருந்தால் மட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சரி என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்றால் அந்த வேண்டாம் என்பதையும் உன் ஆபீசில் எழுதிக்கொள்ளச் சொல். சொல்ல உனக்கு ஒன்றும் இல்லை என்றால் அதையாவது சீக்கிரம் எனக்கு எழுது, நான் அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். தினமும் சார்ஜ் இல்லை என்று சொல்ல முடியாது கண்ணு. இன்றைக்கும் சவரம் செய்துகொண்டு வந்துவிட்டுப் போனார்.

அம்மா